பாலு என்ற மலைநாட்டுக்காரன்

எங்கள் வாசலில் நின்று "பாலு" என்று கூப்பிட்டால் சரியாக ஒரு வருட காலம் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் எதிர்வீட்டு ரிடையர்ட் தலைமை ஆசிரியர். இன்னொருவன் 42 கிலோ எடையும், உடம்பெல்லாம் கறுப்புச் சடையும், நெஞ்சில் ஒரு வெள்ளைத் திட்டும் உள்ள நாய். இந்தியில் பாலு என்றால் கரடி. அங்கே இந்த ஜாதி நாய்க்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. சேலையூரில் அது மனிதப் பெயராகிவிட்டது. தலைமை ஆசிரியர் பெருந்தன்மைக்காரர். "நம்ம ரெண்டு பேருக்கும் தலைமுடியில்தான் வித்தியாசம்" என்று சொல்லிச் சிரித்துவிட்டார்.

என் மகளும் மாப்பிள்ளையும் ஏழு வருடம் சண்டிகரில் இருந்தார்கள். 2023 நவம்பரில் மாப்பிள்ளைக்கு சிறுசேரியில் வேலை மாற்றம். நாவலூரில் பன்னிரண்டாவது மாடியில் ஃபிளாட். அதற்குள் இவனை வைத்துக்கொள்ள முடியாது என்று அவர்களுக்கே தெரிந்தது. எங்கள் வீடு தனி வீடு, சுற்றிலும் காம்பவுண்டு, ஒரு வேம்பு, ஒரு மாமரம். ஆகவே பாலு எங்களிடம் வந்து சேர்ந்தான். வந்த அன்று என் மனைவி வாசற்படியில் நின்று ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்னங்க, இது கோட்டை கழற்றுமா?" என்று கேட்டாள். அடுத்த ஒரு வருடத்தில் எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடக்கம்.

எனக்கு இந்த நாய் புதிதில்லை. விமானப்படையில் இருந்தபோது 1978 முதல் மூன்று வருடம் பதான்கோட்டில் இருந்தேன். அங்கிருந்து பார்த்தால் வடக்கே தவுலாதார் மலைத்தொடர் சுவர் எழுப்பியதுபோல நிற்கும். கார்த்திகை மாதக் குளிர் ஆரம்பித்ததும் மலையிலிருந்து கத்தி இடையர்கள் இறங்கி வருவார்கள். ('கத்தி' என்றால் நம் வெட்டுக் கத்தி அல்ல, அந்த இனத்தாரின் பெயர். ஹிமாசலத்தில் பர்மோர், சம்பா, காங்க்டா பக்கத்து மக்கள்.) முழங்கால் வரை தொங்கும் கம்பளி அங்கி, இடுப்பைச் சுற்றி சுற்றாய்ச் சுற்றிய கறுப்புக் கம்பளிக் கயிறு. அங்கியின் மடிப்புக்குள்ளிருந்து பிறந்து ஒரு நாளான ஆட்டுக்குட்டி தலையை நீட்டிக்கொண்டிருக்கும். நூற்றுக்கணக்கான ஆடுகள் சாலையை அடைத்துக்கொண்டு வரும். எங்கள் டிரக் டிரைவர்கள் ஹாரன் அடித்து அலுத்துப்போய் இன்ஜினை நிறுத்திவிடுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் நாய் எங்கே என்று தேட வேண்டும். நம் மனதில் இருக்கும் மேய்ப்பு நாய் ஆட்டைச் சுற்றிச் சுற்றி ஓடி, குரைத்து, ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போவது. இது அப்படி ஓடாது. மந்தைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, மேட்டில் ஒன்று என்று தன் பாட்டுக்கு நடந்து வரும். பின்தங்கிய ஆட்டைப் போய்க் கூட்டிவருவதும் உண்டு. ஆனால் இதன் முதல் வேலை காவல். மலையில் சிறுத்தை உண்டு, கரடி உண்டு. சிறுத்தை நாயைப் பிடித்தால் கழுத்தில்தான் பிடிக்கும். அதனால் இரும்பு முள் வைத்த பட்டையைக் கழுத்தில் மாட்டியிருப்பார்கள். பிடரியில் சிங்கம்போல அடர்ந்த மயிர், அதற்குமேல் அந்த முள் பட்டை. சின்ன வயதில் சேலத்துப் பக்கம் கிராமத்தில் ஒட்டிய வயிற்று நாட்டு நாய்களை மட்டுமே பார்த்து வளர்ந்த எனக்கு, முதல்முறை அதைப் பார்த்தபோது நாய் என்று சொல்லவே வாய் வரவில்லை.

அவர்களுடைய வருடம் முழுவதும் நடைதான். கோடையில் கணவாய்களைத் தாண்டி லாஹுல் பக்கத்துப் புல்வெளிகளுக்கு ஏறுவார்கள். குளிர் வந்தால் சிவாலிக் அடிவாரத்துக்கு இறங்குவார்கள். நாய்க்கும் அதே நடை, அதே பனி, அவர்கள் தின்னும் அதே மக்காச்சோள ரொட்டி. இரவில் கூடாரத்துக்குள் படுக்காது. ஆட்டுக் கிடைக்கு வெளியே, பனியில், சுருண்டு படுத்து வாலை மூக்கின்மேல் போர்த்திக்கொள்ளும். அதற்காக ஏற்பட்டதுதான் அந்தச் சடை.

சடை என்று சொல்கிறோமே தவிர, அது இரண்டு அடுக்கு. மேலே நீளமான முரட்டு மயிர். மழையும் வெயிலும் நேரே தோலில் படாமல் தடுப்பது. அதற்குக் கீழே, கையை விட்டுப் பார்த்தால்தான் தெரியும், பஞ்சு மாதிரி நெருக்கமான உள்மயிர், குளிரைத் தடுப்பது. வெயில் காலம் வரும்போது இந்த உள்மயிர் கொத்துக் கொத்தாகக் கழன்று விழும். எங்கள் வீட்டில் மாசி மாதம் தொடங்கிய இந்த உதிர்வு நிற்கவே இல்லை. சாம்பார் வாளியிலிருந்து சாமி அலமாரி வரை கறுப்புப் பஞ்சு. தினமும் ஒரு பிளாஸ்டிக் கூடை நிறையச் சீவி எடுத்தேன். மாமரத்து அணில்கள் அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கூடு கட்டின. பாலுவால் முழு லாபம் அடைந்தவை அவைதான்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லோரும் சொன்ன யோசனை ஒன்றே ஒன்று: "மொட்டை அடிச்சுடுங்க சார், பாவம்." சலூன்காரர்கூடச் சொன்னார். கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. உள்ளங்காலில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். மேல்மயிரை வழித்துவிட்டால் வெயில் நேரடியாகத் தோலில் இறங்கும், தோல் பொசுங்கும். இரட்டை மயிர் நாய்களுக்கு வழித்த இடத்தில் மறுபடி ஒழுங்காக மயிர் வளராமல் போவதும் உண்டு. செய்யவேண்டியது உள்மயிரைச் சீவி எடுத்து, காற்று தோல் வரை போக வழிசெய்வது. அதற்கென்று நீண்ட பல் வைத்த இரும்புச் சீப்பு விற்கிறார்கள். காதுக்குப் பின்னால், முன்காலின் அக்குள், தொடை இடுக்கு, வாலின் அடி, இந்த நாலு இடத்திலும்தான் சிக்கு விழும். சிக்கைக் கையால் பிரித்து, அடியில் இரண்டு விரல் கொடுத்துப் பிடித்துக்கொண்டு சீவினால் நாய்க்கு வலிக்காது. பாதத்தின் அடியில் விரல் இடுக்கில் முளைக்கும் மயிரை மட்டும் கத்தரித்துவிடலாம். வழவழப்பான டைல்ஸ் தரையில் வழுக்காது.

பாலு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, மிக்ஜாம் புயல் வந்துவிட்டது. 2023 டிசம்பர் 4-ஐ இந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் எப்படி இருந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், வீட்டுக்குள் வரவில்லை. நாங்கள் மாடியில் மெழுகுவத்தியோடு உட்கார்ந்திருக்க, பாலு மட்டும் காம்பவுண்டு சுவரோரம் கொட்டுகிற மழையில் காதை விரித்துக்கொண்டு நின்றான். அவனை அத்தனை சந்தோஷமாக அதற்குமுன் நான் பார்த்ததில்லை. என் மனைவி பால்கனியிலிருந்து கத்திக் கத்தி ஓய்ந்துபோனாள்.

ஆனால் இங்கே மழை விட்டபிறகு வருவது குளிர்காற்று இல்லை, புழுக்கம். கரண்டும் இல்லை. மேல்மயிர் காய்ந்துவிட்டது, அடிமயிர் மூன்று நாள் ஈரமாகவே இருந்தது. நாலாம் நாள் காதுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து நீர் கோத்துக்கொண்டது. டாக்டர் அந்த இடத்தை மட்டும் வழித்து மருந்து போட்டார். மலையில் காற்று உலர்ந்தது, நனைந்தாலும் உதறினால் போய்விடும். இங்கே ஈரம் மயிருக்குள்ளேயே குடியிருக்கும் என்றார். அதன்பிறகு மழையில் நனைந்தால் பழைய வேட்டி நாலு, பெடஸ்டல் ஃபேன், பொறுமையாக ஒரு மணி நேரம். தேங்கிய தண்ணீரில் எலி மூத்திரத்தால் பரவும் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும் என்பதால் அதற்கும் சேர்த்துத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார். நாய் வைத்திருக்கும் யாரும் இதைக் கவனிக்கலாம், சடை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அடுத்த எதிரி உண்ணி. நம் ஊரில் உண்ணிக்குப் பருவமே கிடையாது. குட்டை மயிர் நாயில் கண்ணுக்குத் தெரியும். இவனிடம் விரலால்தான் தேடவேண்டும், அரிசியில் கல் பொறுக்குவதுபோல. காதுமடலுக்குள், விரல் இடுக்கில், கழுத்துப் பட்டையின் அடியில். உண்ணிக் காய்ச்சல் வந்தால் முதலில் சாப்பாட்டை விடும், காய்ச்சல் அடிக்கும், சோர்ந்து படுக்கும். சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம் வரும். உடனே ரத்தப் பரிசோதனை செய்து மருந்து கொடுத்தால் பெரும்பாலும் பிழைக்கும். இரண்டு நாள் பார்க்கலாம் என்று இருந்தால் ஆபத்து. பாலுவுக்கு அது வரவே இல்லை. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு, முன்னால் சீரியல் ஓட, என் மனைவி அவன் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். பெரிய உடம்பு, ஆனால் பெருந்தீனிக்காரன் இல்லை. வேகவைத்த கோழி, சோறு, கொஞ்சம் காரட். வெங்காயம் நாய்க்கு ஆகாது, அதனால் நம் குழம்பு மிச்சத்தை ஊற்றுகிற பழக்கம் கூடாது. அவனுக்கு உயிர் தயிர்சாதம்தான், தாளிக்காதது. மலையில் மோர் குடித்து வளர்ந்த பரம்பரையாயிற்றே. கோடையில் விடிவதற்குள் ஒரு வேளை, இரவு எட்டு மணிக்குமேல் ஒரு வேளை. பகலில் தண்ணீர் மட்டும்.

இனி குணம். இந்த நாயை வாங்க ஆசைப்படுகிறவர்கள் மயிரைப் பார்க்கிறார்கள், குணத்தைப் பார்ப்பதில்லை. இது சொன்ன பேச்சைக் கேட்கும் ஜாதி இல்லை. "உட்கார்" என்றால் உங்களை ஒரு தரம் பார்க்கும், அவசியமா என்று யோசிக்கும், பிறகு உட்காரலாம், உட்காராமலும் இருக்கலாம். மலையில் இடையன் தூங்கும்போது தானே முடிவெடுத்து வேலை செய்யவேண்டிய நாய். அதற்குக் கட்டளைக்குக் காத்திருக்கிற புத்தி இருந்தால் ஆடு மிஞ்சாது. பகலெல்லாம் தூங்கும், இரவெல்லாம் விழித்திருக்கும், தூரத்துச் சத்தத்துக்கும் குரைக்கும். ஏர்ஃபோர்ஸ் விமானம் தலைக்கு மேலே போனால் கண்டுகொள்ள மாட்டான். இரவு ஒரு மணிக்கு கேம்ப் ரோட்டில் எவனோ பைக்கை உதைத்தால் எழுந்து நின்று ஐந்து நிமிடம் குரைப்பான். தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் வந்து சொன்னார்கள், மரியாதையாகத்தான் சொன்னார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது.

இரவு ஒன்பதரைக்கு அவன் ஒரு காரியம் செய்வான். ஹாலிலிருந்து புறப்பட்டு ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்ப்பான். நான் கட்டிலில், மனைவி சமையலறையில், பேத்தி வந்திருந்தால் அவள் மாடி அறையில். எல்லோரும் இருக்கிறார்கள் என்று ஆனபிறகு போர்ட்டிகோவுக்குப் போய், தெருப்பக்கம் முகம் வைத்துப் படுப்பான். ஒருநாள் என் மனைவி பக்கத்து வீட்டு சீமந்தத்துக்குப் பட்சணம் செய்யப் போய் பத்தரை மணி வரை வரவில்லை. அவன் படுக்கவே இல்லை. கேட்டுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தான். அவள் வந்து செருப்பை விட்ட பிறகுதான் ஒரு பெருமூச்சு விட்டுப் படுத்தான். "நாற்பத்தஞ்சு வருஷத்தில் நான் வரலேன்னு நீங்க இப்படி நடந்ததுண்டா?" என்று என் பக்கம் ஒரு கேள்வி வந்தது. நான் செய்தித்தாளை எடுத்துக்கொண்டேன்.

பங்குனியில் ஒரு நாள், விடியற்காலை ஐந்தரைக்கு, அவனை மாடம்பாக்கம் ஏரிக்கரைக்கு அழைத்துப் போனேன். அந்தப் பக்கம் இன்னும் ஆடு மேய்க்கிறவர்கள் உண்டு. ஒரு அம்மா இருபது இருபத்தைந்து ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். வெள்ளாடும் செம்மறியும் கலந்து. பாலு நின்றுவிட்டான். நான் சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மா கையில் குச்சியை ஓங்கி, "இன்னா சார் இது, கரடியா? புடிச்சிக்க சார்!" என்றார். பாலு இழுக்கவில்லை, குரைக்கவில்லை. ஆடுகள் தாண்டிப் போகும்வரை நின்றான். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு கரைமேட்டுக்கு ஏறி, ஆடுகளுக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டான். மூன்று வயது நாய். குட்டியாக இருந்தபோதே வீட்டுக்கு வந்தது. ஒரு நாள்கூட மந்தையோடு இருந்ததில்லை. அரை மணி நேரம் அங்கேயே கிடந்தான். தெருநாய் ஒன்று கரையோரம் வந்தபோது மட்டும் எழுந்து நின்றான், அது திரும்பிப் போய்விட்டது. ஆட்டுக்கார அம்மா குச்சியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டார். "ஆட்டப் பாக்காம ஊரப் பாக்குது பாரு. இதான் சார் காவலு" என்றார்.

அந்த ஆடுகளை அன்றைக்குக் கவனித்துப் பார்த்தேன். நம் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துச் செம்மறிக்கு மெட்ராஸ் சிவப்பு என்று பெயர். காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தில் இதை வளர்க்கிறார்கள். செம்மறிதான், ஆனால் உடம்பில் கம்பளி கிடையாது. வெள்ளாட்டைப்போல வழவழவென்று குட்டை மயிர். செம்மறியே கம்பளி வேண்டாம் என்று விட்டுவிட்ட ஊர் இது. நம் நாய்களைப் பாருங்கள்: ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, எல்லாம் தோலோடு ஒட்டிய மயிர்தான். ராமநாதபுரத்துக் கீதாரிகள் கிடை போட ஊர் ஊராகப் போகும்போது கூட வரும் நாயும் அப்படித்தான். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் பாலு, பனிக்கோட்டுப் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் கல்யாணத்துக்கு வந்தவன்போல இருந்தான்.

கத்திரி ஆரம்பித்த முதல் வாரத்தில் நடந்தது இது. பதினோரு மணிக்குக் கரண்ட் போயிற்று. அவனுடைய இடம் ஹாலில் ஏசி அறையின் கதவோரம். அன்றைக்கு ஏசியும் இல்லை, ஃபேனும் இல்லை. இன்வெர்ட்டர் இரண்டு மணி நேரம் தாங்கியது. கடற்காற்று நம் பக்கம் வந்து சேர மத்தியானம் தாண்டும், அன்று அதுவும் வரவில்லை. இரண்டரை மணிக்கு அவன் இளைப்பு சத்தம் மாறியது. நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கயிறு மாதிரி இறங்கியது. எழுந்து இரண்டடி நடந்து பின்னங்கால் மடங்கி விழுந்தான்.

என் மனைவி யோசிக்கவே இல்லை. குழாயடிக்கு இழுத்துப்போய் வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதத்திலும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். நான் முறத்தால் விசிறினேன். எதிர்வீட்டு பாலு சார் ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் கொண்டுவந்தார். டாக்டர் போனில் ஐஸ் வேண்டாம், சாதாரணத் தண்ணீர் போதும், காற்று முக்கியம், வாயில் தண்ணீரைத் திணிக்காதீர்கள், உடனே கொண்டுவாருங்கள் என்றார். மேல்மயிரை நனைத்தால் போதாது, மயிரை விலக்கித் தோல் நனைய வேண்டும் என்றும் சொன்னார். நாலு பேர் தூக்கி மினி வேனில் போட்டோம். நாய்க்குச் சாதாரண சூடே 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும். இவனுக்கு அங்கே போய்ப் பார்த்தபோது 106. இவ்வளவு தண்ணீர் ஊற்றிய பிறகு. இரவு எட்டு மணி வரை சலைன் ஏறியது. ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்தோம். நிற்க முடியாமல் தள்ளாடிக்கொண்டு, ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தான்.

டாக்டர் சின்னப் பெண். என் பேத்திக்கு அக்கா வயது இருக்கும். பில்லை எழுதிக்கொண்டே சொன்னார்: "சார், இவனை இங்கே உயிரோட வெச்சிருக்கலாம். ஏசி, ஜெனரேட்டர், நீங்க ரெண்டு பேர். ஆனா வருஷத்துல எட்டு மாசம் அவன் ஒரு ரூமுக்குள்ளதான் இருப்பான். இவன் ராத்திரி பூரா நடக்கிற நாய். யோசிச்சுக்கோங்க."

யோசித்தோம். வீட்டில் அதைப்பற்றிப் பேச்சு எடுத்தாலே மகள் எழுந்து போய்விடுவாள். பேத்திக்குப் பத்து வயது. "தாத்தா, வண்டலூர்ல கரடிக்கு ஐஸ் கட்டியில பழம் வெச்சுக் குடுக்கறாங்களே, நாமளும் குடுக்கலாமே" என்றாள். நல்ல கேள்வி. வருடா வருடம் பேப்பரில் அந்தப் படம் வருகிறது. அந்தக் கரடி கூண்டில்தான் இருக்கிறது என்று அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை; அவளே இரண்டு நாள் கழித்துச் சொன்னாள். என் மனைவி ஒரு பக்கமும் பேசவில்லை. ஜெனரேட்டர் விலை மட்டும் விசாரித்து வைத்திருந்தாள். அதை நான் பிற்பாடுதான் கண்டுபிடித்தேன்.

மாப்பிள்ளைக்கு பாலம்பூர் பக்கம் ஒரு நண்பர் உண்டு. பாலு பிறந்ததும் அந்தப் பக்கத்துக் கிராமம்தான். நண்பரின் பெரியப்பா அறுபது எழுபது ஆடு வைத்திருக்கிறார். வயதாகிவிட்டதால் கணவாய் தாண்டி லாஹுலுக்குப் போவதில்லை; ஊருக்கு மேலே உள்ள மேய்ச்சலோடு சரி. பழக்கமில்லாத வீட்டு நாய் நீண்ட மலைநடை தாங்காது, ஆனால் இதற்குச் சரியாக இருக்கும் என்றார். ஆறு மாதம் காத்திருந்தோம். ஜூன், ஜூலையில் வடக்கே இதைவிட வெயில், வழியிலேயே போய்விடுவான். 2024 நவம்பரில் நானும் மாப்பிள்ளையும் அவனோடு புறப்பட்டோம்.

ரயிலில் நாயைக் கொண்டுபோக முதல் வகுப்பு ஏசியில் இரண்டு படுக்கை உள்ள கூப்பே முழுவதும் நம் பெயரில் இருக்கவேண்டும். கூப்பேதான் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவேண்டும். டாக்டர் சான்றிதழும் தடுப்பூசிச் சீட்டும் வைத்து பார்சல் ஆபீஸில் நாய்க்குத் தனியாகப் பணம் கட்டவேண்டும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு, ஒரு பகல். அவன் வாழ்க்கையிலேயே சென்னைக் கணக்கில் இடைவிடாத ஏசி அப்போதுதான். கதவோரம் படுத்துக்கொண்டு எங்களைக் காத்தான். நாக்பூரில் டிக்கெட் பரிசோதகர் உள்ளே காலை வைக்காமல் வெளியிலிருந்தே டிக் அடித்துக்கொண்டு போனார்.

டெல்லியிலிருந்து காரில் ஒரு முழு நாள். பாலம்பூரைத் தாண்டியதும் கண்ணாடியை இறக்கினோம். அவன் மூக்கை வெளியே நீட்டினான். எனக்கும் நாற்பத்துமூன்று வருடம் கழித்து அந்த வாசனை. பைன் மரமும் சாணி வறட்டிப் புகையும்.

அங்கே ஒன்றும் சினிமாபோல நடக்கவில்லை. பெரியப்பாவிடம் ஏற்கனவே இரண்டு நாய் இருந்தன. அவை பாலுவை முதல் நாள் கிழித்துவிடும்போல உறுமின. அவன் வாலை இறக்கிக்கொண்டு என் காலடிக்கு வந்துவிட்டான். மூன்று நாள் தங்கினேன். பெரியவர் அவனை ஆட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் தனியே கட்டிப்போட்டு, மற்றவைக்குப் போடும்போதே அவனுக்கும் ரொட்டி போட்டார். மூன்றாம் நாள் ஒரே இடத்தில் சாப்பிட்டன, ஒன்றை ஒன்று பார்க்காமல். பெரியவர் அவன் பிடரியைக் கையால் அளந்து பார்த்து, சீவிச் சீவி உள்மயிரெல்லாம் போய்விட்டது, இந்தக் குளிருக்கு வீட்டுக்குள் படுக்கட்டும், அடுத்த வருடம் வெளியே போகலாம் என்றார். என் மனைவிக்குப் போன் பண்ணி அதைச் சொன்னேன். "ராத்திரி உள்ளதான் படுக்கிறானா?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். புறப்படும்போது அவன் கொட்டில் சுவர்மேல் ஏறிப் படுத்திருந்தான். கூப்பிட்டால் வருவான் என்று தெரியும். கூப்பிடவில்லை.

நாங்கள் திரும்பி வந்த இரண்டாவது மாதம், 2025 ஜனவரியில், பேப்பரில் ஒரு செய்தி. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் கத்தி நாயைத் தனி இந்திய இனமாகப் பதிவு செய்திருக்கிறது. பாலம்பூர் வேளாண் பல்கலைக்கழகத்தார் செய்த வேலை. அதற்குமுன் பதிவான நாய் இனங்கள் மூன்றே மூன்று. அதில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நம்முடையவை, மூன்றாவது கர்நாடகத்து முதோல். 2005-ல் தபால்துறை நாய்களுக்கென்று நாலு ஸ்டாம்பு வெளியிட்டது. என் ஆல்பத்தில் இருக்கிறது. அதில் ராஜபாளையமும் இமயமலை மேய்ப்பு நாயும் ஒரே தொகுப்பில் இருக்கின்றன. பேத்திக்கு எடுத்துக் காட்டினேன்.

செய்தி வந்த வாரமே ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து பழைய பாங்க் நண்பர் ஒருவர் போன் பண்ணினார். "உங்க வீட்டுல இருந்துச்சே, அது இப்ப ஃபேமஸ் ஆயிடுச்சாமே. ஒரு குட்டி எங்க கிடைக்கும்?" பதிவு என்பது அந்த இனம் அதன் மலையில் அழியாமல் இருக்க, அதுவே விளம்பரமாகி, நல்ல குட்டிகளெல்லாம் ஊர் ஊராக ஃபிளாட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் மந்தைக்கு எது மிஞ்சும்? இடையர் வீட்டுப் பிள்ளைகள் மலை ஏறுவதே குறைந்துகொண்டு வருகிறது என்று அந்தப் பெரியவர் சொன்னார். இதையெல்லாம் போனில் சொன்னால் பிரசங்கமாகிவிடும். ஆகவே அவர் வீட்டில் மே மாதம் எத்தனை மணி நேரம் கரண்ட் போகிறது, காதுக்குள் தினமும் உண்ணி பார்க்க யார் இருக்கிறார்கள், அக்கம்பக்கத்தார் இரவு ஒரு மணிக் குரைப்பை எத்தனை நாள் பொறுப்பார்கள் என்று மூன்று கேள்வி மட்டும் கேட்டேன். "அப்ப ராஜபாளையம்?" என்றார். அதுவும் ஓட இடம் கேட்கும் வேட்டை நாய், சுத்த வெள்ளைக் குட்டிகளில் சிலதற்குப் பிறவியிலேயே காது கேட்காது, வாங்கும்முன் பின்னாலிருந்து கைதட்டிப் பாருங்கள் என்றேன். அதைக் குறித்துக்கொண்டார்.

மாதம் ஒரு தடவை வாட்ஸ்அப்பில் படம் வருகிறது. சித்திரையில் வந்த படத்தில் பாலுவின் கழுத்தில் இரும்பு முள் பட்டை ஏறியிருந்தது. என் மனைவி அதைப் பெரிதுபடுத்திப் பார்த்து, குத்தாதா என்று கேட்டாள். முள் வெளிப்பக்கம் என்று காட்டினேன். அவனுடைய இரும்புச் சீப்பு மட்டும் இங்கேயே நின்றுவிட்டது. இரண்டாவது தெருவில் கோல்டன் ரெட்ரீவர் வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து எப்படிச் சீவுவது என்று காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.